ஜெயிச்சவர் பேர் என்ன, சார்?

எடமலைப்பட்டி புதூர் டீக்கடையில் காலை ஏழு மணிக்கு நின்றுகொண்டு, ஐம்பது வயசைத் தாண்டிய யாரிடமாவது, "ஒரு ஜெர்மன்காரர் பேர் சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். முதல் பதில் ஹிட்லர். அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. "டென்னிஸ்காரரா சொல்லுங்க" என்று கொஞ்சம் இறுக்கினால், கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "போரிஸ் பெக்கர்!" என்பார்கள். மனசு மென்மையான சிலர், பக்கத்தில் வீட்டுக்காரம்மா இல்லையே என்று பார்த்துக்கொண்டு, "ஸ்டெஃபி கிராஃப்" என்பார்கள். மைக்கேல் ஸ்டிச் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்பவருக்கு என் செலவில் ஒரு டீ, ஒரு பருப்பு வடை என்று அறிவித்திருக்கிறேன். இதுவரை ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை.

இத்தனைக்கும் 1991 விம்பிள்டன் ஃபைனலில் அந்தப் பெக்கரை நேர் செட்டில் கவிழ்த்தவர் இந்த ஸ்டிச்தான்.

அந்த ஆட்டம் நடந்தபோது எனக்கு வயசு இரண்டு. அதனால் நேரில் பார்த்த மாதிரி அளக்க மாட்டேன். எனக்கு டென்னிஸ் என்று ஒன்று இருப்பதைச் சொன்னதே சித்தப்பாதான். அவர் ஆயுளில் ராக்கெட்டைத் தொட்டவர் இல்லை. ஆடியது கேரம் மட்டும். ஆனால் அவர் அறைச் சுவரில், 'ஸ்போர்ட்ஸ்டார்' நடுப்பக்கத்திலிருந்து ஊக்கைப் பிரித்து எடுத்த இரண்டு போஸ்டர்கள். ஒன்று பெக்கர், இன்னொன்று ஸ்டெஃபி. வீட்டில் கறுப்பு வெள்ளை டிவி. பெக்கரின் தலைமுடி செம்பட்டை நிறம் என்பதே போஸ்டரைப் பார்த்துத்தான் தெரிந்ததாம். பிறகு சித்தி வந்தார். ஸ்டெஃபி பரணுக்குப் போனார். பெக்கர் மட்டும் நிலைத்தார்.

எங்களுக்கு அடுத்த ஏரியா கிராப்பட்டி. சித்தப்பா செட்டு அதை 'கிராஃப்பட்டி' என்றே சொல்லுமாம். 1988-ல் நான்கு கிராண்ட் ஸ்லாம் பட்டத்தோடு சியோல் ஒலிம்பிக் தங்கத்தையும் ஒரே வருஷத்தில் அள்ளிய பெண்மணிக்கு, திருச்சியில் வேறு யாரும் செய்யாத மரியாதை.

பெக்கர் மேல் அப்படி என்ன பைத்தியம் என்றால், காரணம் இருக்கிறது. 1985 ஜூலையில் விம்பிள்டனுக்கு வந்தபோது அவருக்கு வயசு 17. தர வரிசைப் பட்டியலில் இடம் கொடுக்காமல் ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். ஃபைனலில் கெவின் கரனை அடித்து, விம்பிள்டன் வென்ற முதல் ஜெர்மன் ஆண் என்று பேர் வாங்கினார். அடுத்த வருஷமும் ஜெயித்தார். 1989-ல் மறுபடியும். பந்து எட்டாத தூரத்தில் போனால் மற்றவர்கள் 'போனால் போகட்டும்' என்று நிற்பார்கள். இவர் கிணற்றில் குதிக்கிற மாதிரி புல்தரையில் பாய்ந்து விழுவார். முழங்காலெல்லாம் பச்சைக் கறை. துவைக்கிறவர் கதி என்ன என்று எங்கள் பாட்டி கவலைப்பட்டதாகச் சொல்வார்கள். சர்வீஸ் போடும் வேகத்துக்காக 'பூம் பூம் பெக்கர்' என்று பட்டம். (நம்மூரில் பூம்பூம் என்றால் தலையாட்டுகிற மாடுதான் ஞாபகம் வரும். அந்த மாட்டுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. இவர் யார் சொல்லுக்கும் தலையாட்டியதாகத் தெரியவில்லை.)

ஆக, 17 வயசுப் பையன் ஒருவன் சுவரில் ஏறிவிட்டான். இனிமேல் அந்த இடத்துக்கு எவன் வந்தாலும் அவன் இரண்டாம் தாரம்தான்.

இப்போது ஸ்டிச். பெக்கரைவிட ஒரு வயசு இளையவர். பெக்கர் கோப்பையைத் தூக்கியபோது இவர் பள்ளிக்கூடத்தில் இருந்தார். நல்ல பிள்ளையாகப் படிப்பை முடித்துவிட்டு, 1988-ல்தான் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார். 'டிகிரி முடிச்சிட்டு எது வேணா பண்ணு' என்று சொல்லும் அப்பாக்களுக்குப் பிடித்த டைப். உயரம், ஒல்லி, அலட்டல் இல்லாத சர்வீஸ். கைவீச்சில் அப்படி ஒரு அழகு. பாய்ந்து விழ மாட்டார். விழவேண்டிய அவசியம் வராத மாதிரி முன்கூட்டியே அங்கே போய் நிற்பார். வேடிக்கை பார்ப்பவனுக்கு இதில் என்ன சுவாரஸ்யம், சொல்லுங்கள்!

1991 அரை இறுதி. எதிரில் முதலிடத்தில் இருந்த ஸ்வீடன்காரர் ஸ்டீஃபன் எட்பெர்க். ஸ்கோர் 4-6, 7-6, 7-6, 7-6. பி.காம். படித்தவன் என்ற முறையில் இந்த ஸ்கோரைப் பார்த்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது. மொத்த ஆட்டத்திலும் எட்பெர்க்கின் சர்வீஸை ஸ்டிச் ஒரு தடவைகூட உடைக்கவில்லை. அதாவது எதிராளி கல்லாவிலிருந்து ஒரு பைசா எடுக்கவில்லை. மூன்று டைபிரேக்கரில் மட்டும் நாலணா நாலணாவாக லாபம் பார்த்து, வருஷக் கணக்கை முடித்துவிட்டார். டைபிரேக்கர் முறையைக் கண்டுபிடித்த ஜிம்மி வான் ஆலன் என்ற அமெரிக்கர் அதே வாரத்தில்தான் காலமானார் என்பது உபரித் தகவல்.

ஃபைனலில் பெக்கர். விம்பிள்டன் ஆண்கள் ஃபைனலில் இரண்டு பக்கமும் ஜெர்மன்காரர்கள் நின்றது அதுவே முதல் தடவை. பெக்கருக்கு ஆட்டத்தின் நடுவில் ஜெர்மன் மொழியில் தன்னையே திட்டிக்கொள்ளும் பழக்கம் உண்டு. அன்று அது நெட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவருக்கும் புரிந்தது. 6-4, 7-6, 6-4. ஸ்டிச் ஜெயித்தார்.

இங்கேதான் விஷயம். கடைசிப் பாயிண்ட் முடிகிறது. ஸ்டிச் கைகளைத் தூக்கி மண்டியிடுகிறார். உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நடுவர், மைக்கில், 'கேம், செட், மேட்ச்...' என்று சொல்லி, ஜெயித்தவர் பேருக்குப் பதிலாக 'பெக்கர்' என்று அறிவித்துவிட்டார்!

ஆறு வருஷப் பழக்கம். அந்த மைதானத்தில் அந்த வாக்கியம் அந்தப் பேரில்தான் முடியும் என்று நாக்குக்கு அத்துப்படி. உலகத்தின் பெரிய டென்னிஸ் மேடையில், வாழ்நாளின் பெரிய நிமிஷத்தில், ஸ்டிச்சின் பேர் சரியாக வரவில்லை.

இதை நான் இப்போது ஞாபகப்படுத்திக்கொள்ளக் காரணம், எங்கள் மாடி வீட்டுப் பையன்.

கன்டோன்மென்ட் பக்கம் ஒரு கம்பெனியில் (பேர் வேண்டாம்) அக்கவுண்ட்ஸில் இருக்கிறான். வயசு 25. அந்தக் கம்பெனியில் ஒரு வருஷமாக ஜிஎஸ்டி கணக்கு ஒத்துப்போகவில்லை. சரக்கு வாங்கிய ரிஜிஸ்டரில் ஒரு தொகை, போர்ட்டலில் காட்டும் 2பி-யில் இன்னொரு தொகை. நடுவில் தொங்குவது கம்பெனிக்கு வரவேண்டிய இன்புட் வரி. இந்த வேலை எப்படிப்பட்டது என்றால், ஆயிரக்கணக்கான பில்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எவன் எந்த நம்பரில் ஒரு சைபரை முழுங்கினான் என்று தேடுவது. சிவப்பரிசியில் கல் பொறுக்குவது இதைவிடச் சுலபம். பையன் இரண்டு மாசம் ராத்திரி ஒன்பது மணிவரை உட்கார்ந்து, சப்ளையர் ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக் கெஞ்சி, கணக்கை நேர் செய்துவிட்டான். கம்பெனிக்குக் கணிசமான பணம் மிச்சம்.

மாசக் கடைசி மீட்டிங். பெரிய அதிகாரி எழுந்தார். பிரமாதமான வேலை என்றார். எல்லாரும் கை தட்டுங்கள் என்றார். பேர் சொன்னார். பக்கத்து சீட்டுப் பையன் பேர்!

பக்கத்து சீட்டுப் பையன் திருடன் இல்லை. கலகலப்பான ஆசாமி. ஆபீஸ் கிரிக்கெட் டீம் கேப்டன். யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் கேக் வாங்குவது அவன்தான். அதிகாரிக்கு அந்த டிபார்ட்மெண்டில் மனப்பாடமாகத் தெரிந்த ஒரே பேர் அவனுடையது. கை தட்டல் கேட்டதும் அவனும் என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்துவைத்தான்.

அன்று ராத்திரி நம்ம பையன் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தான். "அண்ணே, நாளைக்குப் பேப்பர் போடலாம்னு இருக்கேன்" என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது. வீட்டில் தங்கை காலேஜில் படிக்கிறாள். அப்பா ரிட்டயர்டு. பேப்பர் போட்டால் அடுத்த மாசம் அரிசிக்கு யார் போடுவது? ஆனால் அதைச் சொல்லி ஒருத்தனை நிறுத்துவது எனக்குப் பிடிக்காது. அவன் போனை வாங்கி, 1991 ஃபைனலின் கடைசி நிமிஷத்தைத் தேடிப் போட்டுக் காட்டினேன்.

இரண்டு தரம் பார்த்தான்.

"ஐயையோ... அப்புறம் அந்தாளு என்னண்ணே பண்ணாரு? சண்டை போட்டாரா?"

சண்டை எல்லாம் போடவில்லை, கோப்பையை வாங்கிக்கொண்டு போனார் என்றேன். மறு வருஷம், 1992-ல், அதே விம்பிள்டனில் ஜான் மெக்கன்ரோவோடு சேர்ந்து இரட்டையர் ஃபைனல். கடைசி செட் 19-17 என்று நீண்டு, ஞாயிறில் முடியாமல் திங்கட்கிழமைக்குப் போனது. ஜெயித்தார்கள். அடுத்த மாசம் பார்சிலோனா ஒலிம்பிக். ஜெர்மனிக்காக இரட்டையரில் யாரோடு ஜோடி தெரியுமா? அதே பெக்கர்! இரண்டு பேருக்கும் ஆகாது என்பது ஊருக்கே தெரியும். ஆபீஸில் சில பேர் பேசிக்கொள்ளாமல் ஃபைலை மட்டும் தள்ளிக்கொள்வார்களே, அந்த மாதிரி சேர்ந்து ஆடி, தங்கப் பதக்கம் வாங்கிவிட்டார்கள். தங்கம் வாங்குவதற்கு சிநேகம் அவசியம் என்று எந்த ரூலிலும் இல்லை.

1993 இன்னும் விசேஷம். ஃபிராங்ஃபர்ட்டில் வருஷக் கடைசி சாம்பியன்ஷிப்பில் பீட் சாம்ப்ராஸையே அடித்தார். உலக வரிசையில் இரண்டாம் இடம். டிசம்பரில் டேவிஸ் கோப்பை. அந்த வருஷம் பெக்கர் அணியில் இல்லை. ஸ்டிச்சே சுமந்தார். டஸல்டார்ஃபில் ஆஸ்திரேலியாவை 4-1 என்று முடித்து, கோப்பை ஜெர்மனிக்கு. பிறகு 1994 அமெரிக்க ஓபன் ஃபைனலில் அகாஸியிடமும், 1996 பிரெஞ்சு ஓபன் ஃபைனலில் காஃபெல்னிகோவிடமும் தோற்றார். 1997-ல் விம்பிள்டன் அரை இறுதியில் பியோலினிடம் ஐந்து செட் போராடித் தோற்று, அதோடு ராக்கெட்டை உறையில் போட்டார். ஒற்றையர் பட்டங்கள் மொத்தம் 18. புல், களிமண், சிமெண்ட், கார்ப்பெட் என்று எல்லாத் தரையிலும் ஜெயித்தவர். எச்.ஐ.வி. பாதித்த குழந்தைகளுக்காக 1994-லேயே தன் பேரில் ஓர் அறக்கட்டளை ஆரம்பித்தார். 2018-ல் சர்வதேச டென்னிஸ் புகழ்க்கூடத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

பையன் கேட்டுவிட்டு ஒரு கேள்வி போட்டான். "எல்லாம் சரிண்ணே. உங்க சித்தப்பாவுக்கு இவரைத் தெரியுமா?"

கெட்டிக்காரப் பையன். இதே கேள்வியைத்தான் நானும் பல நாள் யோசித்திருக்கிறேன். பெக்கரிடம் 49 பட்டம், ஆறு கிராண்ட் ஸ்லாம். ஸ்டிச்சிடம் 18, ஒன்று. எண்ணிக்கையில் பெக்கர் பெரியவர்தான், மறுக்கவில்லை. ஆனால் ஜனங்கள் பட்டத்தை எண்ணியா பிரியம் வைக்கிறார்கள்? 2022 ஏப்ரலில் லண்டன் நீதிமன்றம், திவால் வழக்கில் சொத்தை மறைத்ததற்காகப் பெக்கருக்கு இரண்டரை வருஷம் சிறைத் தண்டனை கொடுத்தது. டிசம்பரில் விடுதலையாகி ஜெர்மனிக்குப் போனார். அந்தச் செய்தியை சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஆடிட்டர் சரியில்லைடா."

இது பிரியம். இதற்கு ஸ்கோர் கிடையாது. 17 வயசில் ஒருவன் நம் கண்ணெதிரே விழுந்து எழுந்து ஜெயித்தால், அவன் நம்ம வீட்டுப் பிள்ளை. பிற்பாடு 22 வயசில் படித்து முடித்து வந்து, கலையாத தலையோடு அதே பிள்ளையைத் தோற்கடிப்பவனை எப்படிக் கொண்டாடுவது? ஸ்டிச் ஜெர்மனியிலேயே பெக்கர் அளவுக்குக் கொண்டாடப்படவில்லை. எடமலைப்பட்டி புதூரைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்!

"நம்மூர்ல இப்படி யாராச்சும் உண்டாண்ணே?" என்றான்.

இல்லாமலா? மெட்ராஸிலேயே இருக்கிறார். டென்னிஸ் என்றால் நம்மாட்கள் வாயில் முதலில் வருவது விஜய் அமிர்தராஜ். நியாயம்தான். 1973-ல் விம்பிள்டனிலும் அமெரிக்க ஓபனிலும் கால் இறுதிவரை போனவர். அமெரிக்காவில் ராட் லேவரையே தோற்கடித்தார். அதோடு 1983-ல் 'ஆக்டோபஸி' படத்தில் ஜேம்ஸ் பாண்டுக்கு ஆட்டோ ஓட்டி, துரத்தி வந்தவர்களை டென்னிஸ் ராக்கெட்டால் சாத்தினார். இதற்கப்புறம் அவரை யாரால் மறக்க முடியும்? 2024-ல் லியாண்டர் பயஸோடு சேர்த்து அவரையும் புகழ்க்கூடத்தில் ஏற்றினார்கள்.

அதே காலத்தில் பக்கத்திலேயே நின்றவர் ரமேஷ் கிருஷ்ணன். பேரைச் சொன்னால் பெரியவர்கள், "யாரு, விம்பிள்டன் அரை இறுதி ஆடினவரா?" என்பார்கள். அது அப்பா ராமநாதன் கிருஷ்ணன், 1960-லும் 1961-லும். பையனுக்கு ஒரு பக்கம் அப்பா நிழல், இன்னொரு பக்கம் ஆறடி மூன்றங்குலத்தில் அமிர்தராஜ் நிழல். நடுவில் நின்று வெயில் காய இடமே இல்லை. அப்பா 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் சாம்பியன் ஆனார். பையன் 1979-ல் விம்பிள்டன், பிரெஞ்சு இரண்டிலும் ஜூனியர் சாம்பியன். அப்புறம் பெரியவர்கள் ஆட்டத்தில் மூன்று தரம் கிராண்ட் ஸ்லாம் கால் இறுதி: அமெரிக்காவில் 1981, 1987, விம்பிள்டனில் 1986. சர்வீஸில் வேகம் கிடையாது. பந்தை அடிக்க மாட்டார், அனுப்பிவைப்பார். எதிராளி இருக்கிற இடத்தை விட்டு, இல்லாத இடமாகப் பார்த்து.

1987 டேவிஸ் கோப்பை அரை இறுதி. சிட்னியில் புல்தரையில் ஆஸ்திரேலியா. இரண்டுக்கு இரண்டு என்று சமமாகி, கடைசி ஆட்டம். அங்கே வாலி மஸூரை நேர் செட்டில் முடித்து இந்தியாவை ஃபைனலுக்குக் கொண்டுபோனவர் ரமேஷ். (ஃபைனலில் ஸ்வீடன் நம்மை 5-0 என்று சுருட்டி அனுப்பியது தனிக்கதை.) கணக்குத் தீர்க்கிற மாதிரி, 1989 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன் இரண்டாம் சுற்றில் மாட்ஸ் விலாண்டர் எதிரே வந்தார். 1988-ல் நான்கு கிராண்ட் ஸ்லாமில் மூன்றை வாங்கிய ஸ்வீடன்காரர். உலக நம்பர் ஒன். அந்த மைதானத்தின் நடப்பு சாம்பியன். ரமேஷ் நேர் செட்டில் ஜெயித்தார். எந்தப் பாண்ட் படத்திலும் கூப்பிடவில்லை.

பையன் சிரித்துவிட்டான். அந்த ராத்திரியில் முதல் சிரிப்பு.

ஜெர்மன்காரர்களைப் பற்றி இன்னொரு நுங்கம்பாக்கம் சமாசாரமும் சொன்னேன். சென்னை ஓபன் அங்கே நடந்துகொண்டிருந்த காலத்தில் (2017-க்கு அப்புறம் அது புனேவுக்குப் போய்விட்டது), ஃபைனலுக்கு வந்து தோற்பதை ஜெர்மன்காரர்கள் ஒரு வழக்கமாகவே வைத்திருந்தார்கள். 1997-ல் அலெக்ஸ் ராடுலெஸ்கு, 1999-ல் ரெய்னர் ஷட்லர், 2000-ல் மார்க்கஸ் ஹன்ச்க். நம்ம வெயிலா, நம்ம சாப்பாடா என்று நான் ஆராயவில்லை. ஆனால் இதே ஷட்லர் 2003-ல் ஆஸ்திரேலிய ஓபன் ஃபைனல்வரை போனார். 2008-ல், பலபேர் வீட்டுக்குப் போகும் 32 வயசில், விம்பிள்டன் அரை இறுதி. நுங்கம்பாக்கத்தில் அவரைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்து, 'யாரோ ஒருத்தர்' என்று வேர்க்கடலை கொறித்தவர்கள் சென்னையில் இன்னமும் இருப்பார்கள்.

"கதை நல்லாருக்குண்ணே" என்றான் பையன். "ஆனா உங்களுக்கு இது கதை. எனக்கு இன்க்ரிமெண்ட்."

உண்மை. ஸ்டிச்சுக்கு ஒரு வசதி இருந்தது. நடுவர் வாய் தவறினாலும் ஸ்கோர் போர்டு தவறவில்லை. கோப்பையில் பொறித்த பேரும் தவறவில்லை. நம்ம பையனுக்கு ஸ்கோர் போர்டு எங்கே? "அந்த ரீகன்சிலியேஷன் ஷீட்ல செஞ்சவன், சரிபார்த்தவன்னு ரெண்டு கட்டம் இருக்குமே, உன் பேரைப் போட்டியா?" என்று கேட்டேன். ஆடிட்டில் பழகிய எவனுக்கும் தெரியும், கணக்கில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அந்த வேலையைச் செய்தது பிரம்மா. பையன் திருதிருவென்று முழித்தான். போட்டதில்லையாம். பேர் போட்டுக்கொள்வது கூச்சமாக இருந்ததாம்! மெயிலையும் டீம் பேரில்தான் அனுப்பியிருக்கிறான்.

பாய்ந்து விழச் சொல்லவில்லை. கேக் வாங்கச் சொல்லவில்லை. அது அவனுக்கு வராது, வரவேண்டியதும் இல்லை. மறுநாள் போய் எல்லா ஷீட்டிலும் 'செய்தவர்' கட்டத்தில் பேர், தேதி போட்டு, இன்புட் எவ்வளவு மீண்டது என்ற தொகையோடு நாலே வரியில் அதிகாரிக்கு ஒரு மெயில் அனுப்பு, பேப்பர் போடுவதைப் பிறகு பார்க்கலாம் என்றேன். பக்கத்து சீட்டுப் பையனுக்கும் ஒரு காப்பி வைக்கச் சொன்னேன். அவன் பதில் போட்டிருக்கிறான்: 'நானே சொல்லணும்னு இருந்தேன் மச்சி.' அன்றைக்கே சொல்லியிருக்கலாம். போகட்டும்.

போன மாசக் கடைசியில் மறுபடி மீட்டிங். ராத்திரி பைக்கை நிறுத்திவிட்டு மாடி ஏறப் போனவனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"இந்தத் தடவையாவது பேரைச் சரியாச் சொன்னாரா?"

"சொன்னாருண்ணே" என்றான். "இனிஷியல்தான் தப்பு."